அணைக்குக் கீழே வளர்ந்த ஊர்கள்: பவானி, குமாரபாளையம் ஆற்றங்கரைக் குடியிருப்புகளின் வரலாறு

காவிரியுடன் பவானியாறு கலக்கும் கூடுதுறையை ஒட்டி, இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் பவானியும், அதற்கு நேரெதிரே காவிரியின் கிழக்குக் கரையில் குமாரபாளையமும் அமைந்துள்ளன. இன்று முன்னது ஈரோடு மாவட்டத்தையும் பின்னது நாமக்கல் மாவட்டத்தையும் சேர்ந்தவை என்றாலும், தறித்தொழிலும் ஆறும் இவ்விரண்டையும் இரட்டை ஊர்களாகவே வளர்த்தன. தேவாரத்தில் திருநணா என்று பாடப்பட்ட சங்கமேசுவரர் கோயில் இங்கு இருப்பதால், இந்தக் கூடுதுறை குறைந்தது 1,300 ஆண்டுகளாக மக்கள் வந்து சேரும் இடமாக இருந்துள்ளது தெளிவு. ஆயினும் கோயிலைச் சுற்றிய பழைய ஊருக்கும் ஆற்றின் விளிம்பில் எழுந்த பிற்காலத் தெருக்களுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வெள்ளத்தை அடிக்கடி கண்டவர்கள் வீடு கட்டத் தேர்ந்த நிலத்தையும், அதை அரிதாகவே கண்டவர்கள் தேர்ந்த நிலத்தையும் அந்த வேறுபாடு காட்டுகிறது.

அணைகள் எழுவதற்கு முன், குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் ஆனி, ஆடி மாதங்களில் காவிரி கரைதொட்டு ஓடுவது வழக்கம். ஆடிப்பெருக்கு என்னும் விழா அந்தப் புதுப்புனலை எதிர்கொண்டு வணங்கும் நாளாக அமைந்ததே, வெள்ளம் ஆண்டுக் கணக்கில் இடம்பெற்ற ஒரு நிகழ்வு என்பதற்குச் சான்று. ஆண்டுதோறும் ஏறி இறங்கும் ஆற்றின் அருகே வாழ்ந்தவர்கள் நிலத்தைத் தரம் பிரித்தே பயன்படுத்தினர். வீடுகட்டி வாழ்வதற்குரிய நத்தம் பெரும்பாலும் மேடான இடத்தில் அமைந்தது. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் படிந்த கரையோர நிலமான படுகையில் பயிர் செய்யப்பட்டது. ஆற்றின் ஓட்டத்துக்கும் அதன் கரைக்கும் உரிய இடம் எவருக்கும் பட்டா வழங்கப்படாத புறம்போக்காக நின்றது. பிரிட்டிஷ் காலத்து நில அளவை இந்தப் பகுப்பை வருவாய்ப் பதிவேடுகளில் ஏற்றியபோது, ஆறு எதுவரை வரும் என்ற ஊராரின் பட்டறிவில் ஒரு பகுதியும் தாளில் ஏறியது. ஆகவே, ஒரு மனை நத்தமா, பட்டா நிலமா, ஆற்றுப் புறம்போக்கா என்பது உரிமையைப் பற்றிய கேள்வியாக மட்டும் நிற்காமல், அந்த மனையின் வெள்ள வரலாற்றைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிறது.

இந்தப் பட்டறிவின் எல்லையையும் மீறிய வெள்ளம் 1924ஆம் ஆண்டு ஜூலை மாதம் வந்தது. கிருஷ்ணராஜசாகர், மேட்டூர் அணைகள் குறித்துச் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் பிப்ரவரி மாதம் உடன்படிக்கை செய்துகொண்டிருந்த அதே ஆண்டில், மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் பெருமழை கொட்டியது. மலையின் மேற்கே அது கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று நினைவுகூரப்படுகிறது. கிழக்கே காவிரி, பவானி ஆகிய இரு ஆறுகளின் கரைகளிலும் பேரழிவு நேர்ந்தது. மேட்டூரில் அப்போது விநாடிக்கு சுமார் 4,56,000 கன அடி நீர் ஓடியதாகக் கணிக்கப்பட்டது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். 1925இல் பணி தொடங்கி 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் உபரிநீர்ப் போக்கிகளுக்கு, அதாவது அணை நிரம்பியபின் மிகுநீரை வெளியேற்றும் மதகுகளுக்கு, அந்த வெள்ளமே அளவுகோலாயிற்று.

120 அடி உயரம் வரை நீரைத் தேக்கும் மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. பாசனத்துக்காக நீரைச் சேமிப்பதே இந்த அணையின் முதன்மை நோக்கம். சேமிப்பதற்கு அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுப்பதற்கோ அது காலியாக இருக்க வேண்டும். ஒரே அணை ஒரே நாளில் இவ்விரண்டையும் செய்ய இயலாது. 1924ஆம் ஆண்டின் உச்ச வெள்ளம் தணியாமல் தொடர்ந்து வருவதாகக் கொண்டால், முற்றிலும் காலியான மேட்டூர் அணைகூட இரண்டரை நாளுக்குள் நிரம்பிவிடும் என்பது எளிய பெருக்கல் கணக்கு. நிரம்பிய பின் வருகிற நீரெல்லாம் நீர்மின் நிலையங்கள் வழியாகவும், பதினாறு கண் மதகு வழியாகவும் கீழிறங்கி, முதலில் வந்தடையும் ஊர்களுள் பவானியும் குமாரபாளையமும் அடங்கும்.

ஆனால் அணை கட்டியபின் வளர்ந்த தலைமுறைகள் கண்ட காட்சி வேறு. மேட்டூரைத் தொடர்ந்து 1955இல் பவானியாற்றில் பவானிசாகர் அணை நிறைவுற்றது. கர்நாடகத்தில் கபினி முதலிய அணைகள் சேர்ந்தன. நடுத்தர வெள்ளங்களை இவை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக்கொண்டன. பின்னர் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் மின் உற்பத்திக்கான கதவணைகள், அதாவது இரும்புக் கதவுகளால் நீரைத் தாழ்வாகத் தேக்கும் தடுப்பணைகள், எழுந்தன. ஏறி இறங்கும் இயல்புடைய ஆறு அவற்றின் இடையே ஏரி போல் அசையாது நிற்கத் தொடங்கியது. புதிதாக வருபவரின் கண்ணுக்கு அந்த நீர்மட்டமே ஆற்றின் நிலையான எல்லையாகத் தோன்றுவது இயற்கை.

அதே காலத்தில்தான் தொழிலும் மக்களை ஆற்றை நோக்கி இழுத்தது. பவானி ஜமக்காளத்துக்கு நூலுக்குச் சாயமேற்றவும் அதை அலசவும் ஓடும் நீர் வேண்டியிருந்தது. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகள் பெருகியபோது, கூலிக்கு நெய்ய வந்த குடும்பங்களுக்குப் பட்டறைக்கு அருகில், குறைந்த வாடகையில் வீடு வேண்டியிருந்தது. மேட்டு நிலம் விலை ஏறி எட்டாத நிலையில், ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளும் புறம்போக்கில் எழுந்த குடியிருப்புகளும் கரையின் சரிவில் இறங்கிச் சென்றன. அறியாமையால் மட்டும் மக்கள் அங்கே சென்றார்கள் என்று சொல்வது அநீதி. தெரிந்தே சென்றவர்களும் உண்டு, ஏனெனில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைவிட மாதந்தோறும் வரும் வாடகை அவர்களுக்கு நெருக்கமான அச்சமாக இருந்தது.

அணையின் பாதுகாப்பு எவ்வளவு நிலையற்றது என்பதை 2018, 2019, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளை ஒப்பிட்டால் உணரலாம். 2019 ஆகஸ்டில் கர்நாடகத்திலிருந்து விநாடிக்கு 2 இலட்சம் கன அடிக்கு மேல் நீர் பெருகி வருவதற்குச் சற்று முன் மேட்டூரின் நீர்மட்டம் பாதி உயரத்துக்கும் கீழே இருந்தது. அணை அதன் பெரும்பகுதியை உள்வாங்கியதால் கீழுள்ள ஊர்கள் தப்பின. 2018 ஆகஸ்டிலும், 2022இல் ஆடிப்பெருக்கை ஒட்டிய நாள்களிலும் அணை ஜூலையிலேயே நிரம்பியிருந்தது; ஆகவே சுமார் 2 இலட்சம் கன அடி நீர் அப்படியே இறங்க, இரு ஊர்களின் கரையோரத் தெருக்களிலும் வீடுகள் மூழ்கி, மக்கள் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் அமைக்கப்பட்ட முகாம்களுக்குச் சென்றனர். ஏறத்தாழ ஒரே அளவான வெள்ளம், அணையில் அன்று இருந்த வெற்றிடத்தைப் பொறுத்து, ஓர் ஆண்டில் வெறும் செய்தியாகவும் வேறோர் ஆண்டில் பேரிடராகவும் முடிந்தது. இத்தனைக்கும் 2018, 2022 வெள்ளங்கள் 1924இன் உச்சத்தில் பாதியைக்கூட எட்டவில்லை.

கூடுதுறைக்கென்றே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. காவிரி உயர்ந்து ஓடும்போது பவானியாற்றின் நீர் அதில் கலக்க வழியின்றித் தயங்கிப் பின்னோக்கி ஏறும். எதிர்த்தேக்கம் எனப்படும் இந்த நிலையில், கரையைத் தாண்டாமலேயே ஓடைகள், சாக்கடைகள் வழியாக வெள்ளம் ஊருக்குள் புகும். 2018இல் பவானிசாகரிலிருந்தும் உபரிநீர் திறக்கப்பட்டதால் இந்த நெருக்கடி இருபுறமும் கூடியது. இழப்பும் எல்லோருக்கும் ஒன்றாக அமைவதில்லை. ஜமக்காளம் நெய்யும் குழித்தறி தரையைத் தோண்டி அமைக்கப்படுவதால், வாசலில் கணுக்கால் அளவு நீர் வந்தாலே குழி நிறைந்துவிடும். பாவும் நூலும் கெட்டு, குழி காய்ந்து தறி மீண்டும் ஓடும்வரை நெசவாளிக்குக் கூலி இல்லை.

ஆற்றங்கரைச் சிற்றூருக்குக் குடிபெயர நினைப்பவருக்கு இந்த வரலாறு உணர்த்தும் பாடம் தெளிவானது. கோடையில் ஒருநாள் வந்து பார்த்த நீர்மட்டத்தை நம்பாமல், 2005, 2018, 2022 வெள்ளங்களில் அந்தத் தெருவின் எந்த வீடுவரை நீர் வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்தச் சாக்கடை வழியாக முதலில் ஏறியது என்று பழைய குடியிருப்பாளர்களிடம் கேட்டறிய வேண்டும்; வருவாய்ப் பதிவேட்டில் அந்த நிலத்தின் வகைப்பாட்டையும், பழைய கோயில் தெருக்களின் தரைமட்டத்தோடு ஒப்பிட்டு மனையின் உயரத்தையும் பார்க்க வேண்டும்; கடந்த வெள்ளத்தில் நீர் வராத வீடு என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று முடிவுகட்டலாகாது. இத்தகைய தேர்வுக்கு வழியற்ற கூலிக் குடும்பங்களைப் பொறுத்தவரை பொறுப்பு அரசையும் நகராட்சியையும் சார்ந்தது. ஒவ்வொரு வெள்ளத்தின் உச்சமட்டத்தையும் தெருச் சுவர்களில் அழியாத கோடாகப் பொறித்து வைப்பதும், தறிப்பட்டறைக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே மேட்டு நிலத்தில் மாற்று வீடு தருவதும் அந்தப் பொறுப்பின் முதற்படிகள். தொழிலிலிருந்து பிரித்துத் தொலைவில் குடியமர்த்தினால், பிழைப்புக்காக அம்மக்கள் மீண்டும் கரைக்கே திரும்புவார்கள்.