பழைய 66-ஆ, புதிய 40-ஆ?

ஆர்.வி. என்றால் படுக்கை, சமையலறையோடு ஓடும் வீடு. அமெரிக்காவில் அதை எடுத்துக்கொண்டு அரிசோனாவைக் கடப்பவர்களுக்கு இரண்டு வழிகள்: பழைய ரூட் 66 அல்லது இன்டர்ஸ்டேட் 40.

சிகாகோவையும் கலிபோர்னியாவையும் இணைத்த ரூட் 66 பிறந்தது 1926ல். கிங்மனுக்கு மேற்கே அது மலையேறி, ஓட்மன் என்ற தங்கச் சுரங்க ஊரில் இறங்கும். ஏற்றம் தாங்காமல் அந்தக் காலத்தில் சிலர் காரை ரிவர்ஸிலேயே ஏற்றினார்களாம்! 1952ல் மலையைச் சுற்றி நல்ல சாலை வந்தது, ஓட்மன் வெறிச்சோடியது. 1956ல் இன்டர்ஸ்டேட் சட்டம் வந்தபின் மற்ற ஊர்களுக்கும் அதே கதி. செலிக்மன் ஊர் 1978ல் ஒதுக்கப்பட்டது. 1985ல் 66 என்ற எண்ணே நீக்கப்பட்டது.

செலிக்மன்காரர்கள் விடவில்லை. அவர்கள் முயற்சியால் 1987ல் அரிசோனா அரசு அதை வரலாற்றுச் சாலையாக அறிவித்தது. சுற்றுலாக் கூட்டம் திரும்பி வந்தது.

சரி, எந்த வழி? ஓட்மன் மலைப்பாதையில் 40 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியில்லை. பெரிய வண்டிக்காரர்கள் செலிக்மனிலிருந்து கிங்மன் வரை பழைய சாலையிலும், பிறகு இன்டர்ஸ்டேட்டிலும் போகலாம். வணிகவியல் படிக்கும் எனக்குத் தோன்றுவது இதுதான்: சாலை ஓரத்துக் கடைக்கு முதலீட்டைவிட முக்கியம், வண்டிகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பது.