சீனன்குடாத் தொழிலாளரும் திருமலை யாத்திரையும்

சீனன்குடா என்றதும் வெளியூரார் பலருக்கு எண்ணெய்த் தாங்கிகளே நினைவுக்கு வருகின்றன. பிரித்தானியர் தமது போர்க்கப்பல்களுக்காகக் கட்டிய அத்தாங்கிகளுள் இன்று 99 எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியமை, 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் பரிமாறிய கடிதங்களில் இத்தாங்கிகள் இடம்பெற்றமை, 2003இல் இந்திய நிறுவனத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டமை, 2022 சனவரியில் கையெழுத்தான புதிய உடன்படிக்கை ஆகியவை பற்றி எழுதியோர் பலர். நானும் பத்திரிகைக்காகப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் அத்துறைமுகத்தில் உழைத்து வாழ்ந்த எளிய மனிதர்கள் அரசியலுக்குள் எவ்வாறு இறங்கினார்கள் என்பதை எழுதியோர் மிகச் சிலர். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

இலங்கைத் தமிழரசுக் கட்சி 1949 டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கப்பட்டது. 1952 தேர்தலில் அது வென்ற இடங்கள் இரண்டே. கோப்பாயில் வன்னியசிங்கமும் திருகோணமலையில் இராஜவரோதயமும் வென்றனர். தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றுப்போனார். கட்சி யாழ்ப்பாணத்தில் தடுமாறிய அந்நாளில் திருகோணமலை அதைக் கைவிடவில்லை. இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கந்தளாய், அல்லை ஆகிய அரச குடியேற்றத் திட்டங்கள் இம்மாவட்டத்து மக்களின் கண்ணெதிரே எழுந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் மேடைப் பேச்சாக இருந்த செய்தி இங்கே வயல் வரம்பிலும் வாக்காளர் இடாப்பிலும் தெரிந்தது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. மசோதா பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட ஜூன் 5ஆம் நாள் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர். அதன் பின்னர் கட்சி எடுத்த முடிவே திருமலை யாத்திரை. வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களிலிருந்து தொண்டர் அணிகள் நடந்தே திருகோணமலைக்கு வந்தன. ஆகஸ்ட் 19ஆம் நாள் மாநாடு கூடியது. சமஷ்டி ஆட்சி, தமிழுக்குச் சம உரிமை, மலையக மக்களுக்குக் குடியுரிமை, தமிழ் பேசும் பிரதேசங்களில் திட்டமிட்ட குடியேற்றத்தை நிறுத்துதல் ஆகிய 4 கோரிக்கைகளும் ஓராண்டுத் தவணையும் அங்கே தீர்மானிக்கப்பட்டன.

வரலாற்று நூல்கள் தீர்மானத்தைச் சொல்கின்றன. யாத்திரிகர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் யாரென்று அவை சொல்வதில்லை. என் பெரியப்பா அப்போது இருபத்து நான்கு வயதுத் துறைமுகத் தொழிலாளி. எக்கட்சியிலும் உறுப்பினர் அல்லர். வீதியோரத்தில் தண்ணீர்ப்பந்தல் போட ஆள் வேண்டும் என்று அயலவர் கேட்டதால் போனாராம். கால் கொப்பளித்து வந்தவர்களுக்கு மோரும் தண்ணீரும் வார்த்தபோது, ஒரு முதியவர், "தம்பி, நீ எப்போது நடக்கப் போகிறாய்?" என்று கேட்டாராம். மாநாட்டுத் திடல் வரை எஞ்சிய தூரத்தை அவர்களோடு பெரியப்பாவும் நடந்தார். "கொள்கை விளங்கி நான் போகவில்லையடா மகனே, போன பிறகுதான் விளங்கியது" என்பார். அரசியலில் இறங்கிய எளிய மனிதர்கள் பலரிடம் பிற்காலத்தில் நான் கேட்ட விடையும் ஏறத்தாழ இதுவே. முதலில் ஒரு சிறு வேலை வரும். நம்பிக்கை அதன் பின்னரே வரும்.

அந்தச் சிறு வேலைக்கு விலையும் இருந்தது. 1957 பெப்ரவரி 4ஆம் நாள், சுதந்திர தினத்தைத் துக்க நாளாக அனுட்டித்தபோது, திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்ற முனைந்த நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமலை நடராசன் என்றே இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள்.

யாத்திரையில் விதித்த ஓராண்டுத் தவணை முடியுமுன், 1957 ஜூலை 26இல், பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நடந்து வந்தவர்களின் கால்களுக்குக் கிடைத்த வெற்றி அது என்று சொல்வது மிகையன்று. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தனர். நாட்டுக்கு அது பெருமை. தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளருக்கு அது வேலையிழப்பு. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் சுமார் 400ஐப் பதவியாவில் குடியேற்ற அரசாங்கம் எண்ணியது. இதை எதிர்த்துச் சிங்களத் தொழிலாளர்கள் அந்நிலத்தை முந்திச் சென்று பிடித்துக்கொண்டனர். அவர்களும் ஏழைகளே. இரு ஏழைக் கூட்டத்தாரை ஒரு துண்டு நிலத்தின் மீது மோதவிட்டது அன்றைய அரசியல். 1958 ஏப்ரல் 9இல் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் 22ஆம் நாள் பொலன்னறுவை நிலையத்தில், வவுனியா மாநாட்டுக்குச் செல்லும் தமிழரைத் தேடி ரயில் தாக்கப்பட்டது. கலவரம் நாடெங்கும் பரவிற்று. தார்சி வித்தாச்சி என்ற சிங்களப் பத்திரிகையாளர் "எமர்ஜென்சி 58" என்ற தமது நூலில் பதவியா விவகாரத்தையும் பதிவுசெய்திருக்கிறார். சொந்த இனத்தின் குற்றத்தை எழுதத் துணிந்த அவரை நான் என் ஆசான்களுள் ஒருவராகவே கருதுகிறேன்.

இத்தனைக்குப் பின்பும் 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி முன்பாகச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது திருகோணமலை ஒதுங்கி நிற்கவில்லை. இங்கும் கச்சேரி வாசலில் ஆண்களும் பெண்களும் அமர்ந்தனர். ஏப்ரல் 17ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, இராணுவம் வந்து, தலைவர்கள் பனாகொடையில் அடைக்கப்படும் வரை அது நீடித்தது. அதுவரை வீட்டு வாசல் தாண்டிப் பொதுக் கூட்டத்துக்குப் போயறியாத பெண்கள் அவ்வாசலில் அமர்ந்ததைப் பற்றிப் பெரியம்மா பேசும்போது அவரது குரலே மாறிவிடும்.

பத்திரிகையாளன் இவற்றைப் பார்த்து எழுதவேண்டுமா, இறங்கி நிற்கவேண்டுமா என்ற கேள்வி தொழிலுக்கு வந்த நாள் முதல் என்னைத் தொடர்ந்தது. திருகோணமலையில் அது வெறும் தத்துவக் கேள்வி அன்று. 2006 சனவரி 2ஆம் நாள் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் தாமே கொண்டுவந்த குண்டு வெடித்து இறந்தனர் என்று கூறப்பட்டது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்ததைக் காட்டும் படங்களை எடுத்து வெளிக்கொணர்ந்தவர் "சுடர் ஒளி"ச் செய்தியாளர் சுகிர்தராஜன். அம்மாதம் 24ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எக்கொடியும் ஏந்தவில்லை. படம் எடுத்தார், அவ்வளவே. பார்த்ததை உள்ளபடி சொல்வதே சில ஊர்களில் அரசியல் ஆகிவிடுகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

சீனன்குடாவுக்கு எதிர்க்கரையில், கொட்டியாரக் குடாவின் அப்பால், சம்பூர் உள்ளது. 2006 போரில் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்கள் பல ஆண்டுகள் முகாம்களில் கிடந்தனர். அவர்களது நிலத்தில் முதலீட்டு வலயமும், அயலில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையமும் திட்டமிடப்பட்டன. முகாமில் இருந்த பெண்கள் மனு எழுதினார்கள், வீதிக்கு வந்தார்கள். செய்தி சேகரிக்கச் சென்ற ஒரு நாள், மனுத்தாளை நீட்டிய பெண் ஒருவரிடம், "நான் பத்திரிகைக்காரன் அம்மா" என்றேன். "அதனால் என்ன தம்பி, நீங்களும் இந்தக் காற்றைத்தானே சுவாசிக்கிறீர்கள்?" என்றார். கையெழுத்திட்டேன். அலுவலகம் திரும்பியதும் ஆசிரியரிடம் அதைச் சொல்லி, சம்பூர்ச் செய்திகளை வேறொருவர் எழுதட்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு கூட்டங்களுக்குப் போனேன். கதிரை தூக்கினேன், துண்டுப்பிரசுரம் திருத்திக் கொடுத்தேன். 2015இல் 818 ஏக்கர் நிலம் விடுவிக்கப்பட்டது. 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் அரசு அறிவித்தது. வழக்காடியவர்கள், அரசியல் மாற்றம், சூழலியலாளர் எனக் காரணங்கள் பல. ஆயினும் அப்பெண்களின் மனுக்கள் இல்லாமல் அவை எதுவும் நடந்திருக்காது என்பது என் துணிபு.

2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் உடன்பாடு கண்டன. தாங்கிகளின் கதை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கையெழுத்திடுவோர் தலைநகரங்களில் இருக்கின்றனர். அந்த மேசையில் இந்தக் கரையில் வாழ்வோருக்கு நாற்காலி இருந்ததில்லை. 1956இல் நடந்து வந்தவர்களுக்கும் நாற்காலி இருக்கவில்லை; அவர்கள் நடந்ததனால்தான் ஒரு பிரதமர் ஒப்பந்தத்துக்கு வந்தார். அந்த ஒப்பந்தம் நிலைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது வீண்பெருமையாகவோ வெறும் புலம்பலாகவோ முடிந்துவிடும்.