குரும்பைக்குள் வந்த பகை

தென்னையின் வரலாறு கடலோடு பிணைந்த வரலாறாகும். கீழைத் தீவுகளிலும் இந்துமாகடற் கரைகளிலும் மனிதன் கையால் வளர்ந்த இம்மரம், பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறி அமெரிக்காவின் அத்திலாந்திக்குக் கரைகளை அடைந்தது. மரம் மேற்கே சென்ற கதையைப் பலர் அறிவர். நெடுங்காலம் கழித்து மேற்கிலிருந்து கிழக்கே வந்த அதன் பகையின் கதை அத்துணை பரவலாக அறியப்பட்டதன்று.

அப்பகை ஒரு சிற்றுண்ணி. மெக்சிக்கோ நாட்டின் குவெரேரோ மாநிலத்துத் தேங்காய்களிற் கண்டெடுக்கப்பெற்ற இவ்வுயிரை, கலிபோர்ணியாவைச் சேர்ந்த கீபர் என்னும் அறிஞர் 1965ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தார். அம்மாநிலத்தின் பெயரே அதன் அறிவியற் பெயரிலும் இடம்பெற்றது. அக்காலத்திலேயே பிரேசிலிலும் அது காணப்பட்டது. 1967ஆம் ஆண்டளவில், இன்று பெனின் எனப்படும் மேற்காபிரிக்க நாட்டிலும் தோன்றியது. தென்னை செழித்த கீழைநாடுகளோ அதுவரை அதனை அறியா. ஆகவே, அமெரிக்கப் பனைக் குலத்து மரம் ஒன்றில் வாழ்ந்த உயிர், புதிதாய் வந்த தென்னையிற் குடியேறியிருத்தல் வேண்டும் என அறிஞர் கருதலாயினர். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு இக்கருத்துக்கு அரணாயிற்று. அமெரிக்கச் சிற்றுண்ணிகளிடையே வேறுபாடுகள் பல காணப்பட்டன. ஆபிரிக்காவினதும் ஆசியாவினதுமோ ஏறத்தாழ ஒரே வகையினவாயிருந்தன.

இதன் நீளம் ஒரு மில்லிமீற்றரின் நாலிலொரு பங்களவே. உண்ணிகளுட் பெரும்பாலானவற்றுக்கு நான்கு சோடிக் கால்கள் உண்டு. இதற்கு இரண்டு சோடியே. குரும்பையின் தலையிலே தொப்பிபோற் கவிந்திருக்கும் இதழ்களின் அடியில் இது புகுந்து, அங்குள்ள இளந்திசுவை உறிஞ்சும். இரு வாரங்களுக்குள் ஒரு தலைமுறை நிறைவுறுவதால், ஒரு காயில் ஆயிரக்கணக்காய்ப் பெருகும். இதழின் விளிம்பில் முதலில் வெண்ணிற முக்கோணம் ஒன்று தோன்றும். பின்பு அது கபில நிறமாகி, வெடித்துத் தழும்பாகும். குரும்பைகள் சில உதிரும். எஞ்சியவை சிறுத்துக் கோணும், பொச்சு இறுகி உரித்தற்கரியதாகும், கொப்பராவும் குறையும்.

இலங்கையில் 1997ஆம் ஆண்டின் இறுதியில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டில் இப்பகை முதன்முதலாக அறியப்பட்டது. அடுத்த ஆண்டிலே கேரளத்திலும் வெளிப்பட்டது. காற்றும், இடத்துக்கிடம் கொண்டுசெல்லப்படும் காய்களும் இதனைப் பரப்பின. வறண்ட காலமே இதன் பெருக்கத்துக்கு வாய்ப்பானது. ஆதலின் உலர்வலயத் தோட்டங்கள் பெரிதும் வாடின. நாலைந்து மரங்களை நம்பிக் கறிக்கும் விளக்குக்கும் எண்ணெய் கண்ட குடும்பங்களுக்கு இது சிறு துன்பமன்று.

நஞ்சு தெளித்து அழித்தல் ஆகாதோ என்பதே எவருக்கும் எழும் முதல் வினா. ஓங்கி வளர்ந்த மரத்தின் உச்சியில், இதழ்களுக்கடியில் ஒளிந்திருக்கும் உயிரைத் தெளிப்பு எட்டுவதரிது. மாதந்தோறும் புதிய பாளை வெடிப்பதால், இன்று தூய்மையாக்கிய மரத்தில் நாளை புதிய குரும்பைகள் பகைக்கு இடங்கொடுக்கும். மேலும், இளநீராய்ப் பருகப்படும் காயில் நஞ்சூட்டுதல் தகாது. தாவர எண்ணெயும் கந்தகமும் கலந்த தெளிப்புகள் தீங்கு குறைந்தவை. எனினும் அவற்றுக்கும் மரமேறும் கூலி வேண்டும்.

வரலாறு வேறோர் எச்சரிக்கையும் தந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின் பின் டி.டி.ரி. மருந்து அப்பிள் தோட்டங்களிற் புகுந்தபோது பூச்சிகள் மடிந்தன. ஆயின் அதுகாறும் பொருட்படுத்தப்படாதிருந்த செஞ்சிற்றுண்ணி பெருகியது. அதனை உண்டு அடக்கிவைத்த உயிர்களையும் மருந்து கொன்றுவிட்டமையே காரணம். கனடாவின் நோவா ஸ்கோசியா மாநிலத்தில் பிக்கற் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும், நண்பரைக் காக்கும் மருந்தடிப்பே நிலையான காப்பு என்பதை அக்காலத்தில் நிறுவினர்.

இலங்கைக்கும் இத்தகைய பட்டறிவு உண்டு. 1970களின் தொடக்கத்தில் தென்னோலையைத் துளைத்த வண்டொன்று மேற்குக் கரையிற் பரவியபோது, சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்த ஒட்டுண்ணிக் குளவி சில ஆண்டுகளில் அதனை அடக்கிற்று. சிற்றுண்ணிக்கும் அத்தகைய எதிரி உளதோ எனத் தேடிய லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிலையத்தார், அதனை உள்நாட்டுக் காய்களிலேயே கண்டனர். நியோசெயியூலசு பராக்கி எனப்படும் அவ்விரைகௌவிச் சிற்றுண்ணி தட்டையான உடலுடையது. எனினும் நலமான குரும்பையின் இதழிடுக்கில் அதனாலும் நுழைய இயலாது. பகை தாக்கிய காயிலே இடுக்குச் சற்று விரியும். அப்போதே காவலன் உட்புகுவான். ஆதலின் முதற் சேதம் நேர்ந்த பின்னரே துணை வருகின்றது. அத்துணையைப் பெருக்குவான் வேண்டி, நிலையத்தார் அவ்வுயிரை ஆய்வுகூடத்தில் வளர்த்துத் தோட்டங்களில் விடலாயினர்.

ஓலை வண்டைப் போல இப்பகை அடங்கிவிடவில்லை; இன்றும் தோட்டங்களில் உள்ளது. முற்றாய் அழித்தல் என்னும் நோக்கம் கைவிடப்பட்டு, அளவுக்குள் நிறுத்துதல் என்பதே குறிக்கோளாயிற்று. கண்ணுக்குப் புலனாகாத பகையை வெல்லக் கண்ணுக்குப் புலனாகாத துணையும், அதனைக் கொல்லாதிருக்கும் பொறுமையும் வேண்டும் என்பதே குரும்பையின் இதழடியில் எழுதப்பட்ட வரலாறாகும்.