கடன் தீர்த்தலும் கணக்குத் தீர்த்தலும்

ஆங்கிலத்தில் வினையோடு சிறு இடைச்சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் கூட்டுவினைகள் பல. அவற்றுள் 'பே ஆஃப்' என்பதை இப்பொழிவில் ஆராய்கிறோம். கடனை முழுதும் அடைத்தல், ஊழியருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்து வேலையிலிருந்து விலக்குதல், முயற்சி பலன் தருதல், கைக்கூலி கொடுத்து வாயடைத்தல் என அது பலபொருள் தரும். தோட்டத் தமிழரின் வரலாற்றில் முதல் மூன்றையும் காண்கிறோம்.

1885இல் பகாங் மலைப்பகுதியை ஆய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியது கேமரன் மலை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலைத் தோட்டப் பட்டறிவுடைய ஏ. பி. மில்னுடன் சேர்ந்து, அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். நட்ட செடி கொழுந்து தரச் சில ஆண்டுகள் ஆகும். இட்ட முதல் அதன் பின்னரே பலன் தரும். இது அவ்வினையின் மூன்றாம் பொருள்.

முதற்பொருளுக்கு இலங்கையே சான்று. கங்காணியிடம் கடன்பட்ட தொழிலாளர் வேறு தோட்டம் செல்ல வேண்டுமாயின், அக்கடன் தீர்ந்தால் விடுவிப்பதாகக் கூறும் 'துண்டு' தேவைப்பட்டது. புதிய தோட்டம் பணம் கட்டும். கடனோ தொழிலாளர் தலையில் தொடரும். இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. மலாயாவில் 1907இல் ஏற்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி, முதலாளிகளிடம் பெற்ற தொகையால் பயணச் செலவை ஏற்றது. அந்நிதியால் வந்தோர் பயணக் கடனின்றிக் கரையிறங்கினர்.

இரண்டாம் பொருளை 1930களின் தொடக்கத்தில் காண்கிறோம். ரப்பர் விலை வீழ்ந்தபோது மலாயாவில் பல்லாயிரம் தமிழர் வேலையிழந்து தாயகம் அனுப்பப்பட்டனர். 'தொழிலாளரை பே ஆஃப் செய்தனர்' என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரை, 'தொழிலாளரின் கடனை அடைத்தனர்' என மாணவர் ஒருவர் பெயர்த்தால், வேலைபறிப்பு உதவியாகிவிடும்.

இதனைத் தவிர்க்கச் செயப்படுபொருளை நோக்குதல் வேண்டும். கடன் செயப்படுபொருளாயின் அடைத்தல். ஆள் செயப்படுபொருளாயின் விலக்குதல் அல்லது வாயடைத்தல். செயப்படுபொருளே இல்லையாயின் பலன் தருதல். இரண்டாவதில் ஐயம் எழுந்தால் சூழலே தெளிவிக்கும்.

தமிழோ இவ்விடத்தில் வேறுவழி செல்கிறது. 'ஆளுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பினர்' என்கிறோம். தீர்வது கணக்கு, ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், 'அனுப்பினர்' என்னும் வினை விலக்கலை வெளிப்படக் கூறுகிறது. ஆங்கிலத்திலோ கடன் நின்ற இடத்தில் ஆளே நிற்கிறார். பழைய தோட்ட ஆவணங்களைப் பயில்வோரும் பயிற்றுவோரும் பணம் பெற்றவர் யார், வெளியேறியவர் யார் என்னும் இரு வினாக்களை முதலில் எழுப்புவாராக. அவற்றின் விடையே சரியான தமிழ்ச்சொல்லைக் காட்டும்.