ஆறு பொது, ஆற்றுக்குப் போகும் வழி?

அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கம் பண்ணை நிலம் வாங்கலாமா என்று நம் குடியிருப்பில் சிலர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரத் தாள்களில் ‘ஆற்றோர மனை’, ‘சொந்தக் கரை’ என்றெல்லாம் போடுகிறார்கள். இதே குடும்பங்கள்தான் விடுமுறை நாளில் ஒகேனக்கல் போய்ப் பரிசலில் ஏறுகின்றன. நிலம் வாங்கும்போது கரை நமக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். பரிசலில் ஏறும்போது அது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவே பல நாடுகளில் வழக்குகள் நடந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றை இந்த இதழில் சொல்கிறேன்.

அடமானக் கடனுக்கு வரும் கிரயப் பத்திரங்களைப் பல வருடம் புரட்டியவன் என்பதால் முதலில் பத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். சொத்து விவரத்தில் செக்குபந்தி என்று நான்கு எல்லை எழுதுவார்கள். மேற்கில் ஆறு என்று போட்டிருந்தால், உங்கள் நிலம் ஆற்றுக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் இருப்பது ஆற்றுப் புறம்போக்கு. பட்டாவில் அது ஏறாது. நிலத்தைக் காட்ட வருபவர் தண்ணீர் வரை நடந்து காட்டினாலும், நீங்கள் பணம் கொடுப்பது சர்வே எண்ணுக்குள் இருக்கும் அளவுக்குத்தான்.

ஆறு பொது என்பது புது எண்ணம் அல்ல. கி.பி. 533இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டநூலில், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் எல்லோருக்கும் பொது என்று வைத்திருக்கிறார்கள். அதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது கரையைப் பற்றிய விதி. ஆற்றங்கரை பக்கத்து நிலக்காரனுக்குச் சொந்தம். அதில் வளரும் மரமும் அவனுடையது. ஆனால் கரையின் உபயோகம் பொது. படகுக்காரன் அங்கே படகை ஒதுக்கலாம், அந்த மரத்திலேயே கயிற்றைக் கட்டலாம், சரக்கை இறக்கி வைக்கலாம். சொந்தம் ஒருவருக்கு, உபயோகம் பலருக்கு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் பொது, கரை தனியார் என்று விட்டுவிட்டால் படகுக்காரன் ஆற்றுக்கு நடுவிலேயே குடியிருக்க வேண்டியதுதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கிலாந்தில் கணக்கு வேறு. கடல் ஏற்றவற்றம் எட்டும் வரைக்கும் ஆற்றில் பொதுமக்கள் படகு விடலாம். அதற்கு மேல், ஆற்றின் படுகை பொதுவாக இரு கரை நிலக்காரர்களுக்கு ஆளுக்குப் பாதி. யார்க்‌ஷயரில் டெர்வென்ட் என்று ஒரு நதி. 1702இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டுப் படகுப் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். ரயில் வந்தபின் படகுகள் குறைந்து, 1935இல் அந்த உரிமை ரத்தானது. பிறகு ஒரு அறக்கட்டளை வழக்குக்குப் போனது. 20 வருடம் பொதுமக்கள் தடையில்லாமல் நடந்த பாதை பொதுப் பாதை ஆகிவிடும் என்று 1932இல் ஒரு சட்டம் வந்திருந்தது; மக்கள் அதைவிட நெடுங்காலம் படகு விட்டிருக்கிறார்கள், ஆகவே நதியும் பொதுப் பாதைதான் என்பது அவர்கள் வாதம். 1991இல் பிரபுக்கள் சபை இதை ஏற்கவில்லை. அந்தச் சட்டம் நிலத்தின் மேல் உள்ள பாதையைப் பற்றியது, ஓடும் தண்ணீர் அந்தக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டது. வயல்வரப்பில் 20 வருடம் நடந்தவனுக்குக் கிடைத்த உரிமை, ஆற்றில் படகு விட்டவனுக்குக் கிடைக்கவில்லை. ‘நிலம்’ என்ற ஒரே சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் ஒரு நதியே கைமாறியது.

நம் சென்னை மாகாணத்தில் தொடக்கம் தனியாரிடம்தான். பக்கிங்ஹாம் கால்வாயை நீங்கள் ரயிலிலிருந்து பார்த்திருப்பீர்கள். பறக்கும் ரயிலின் தூண்களே அதற்குள் நிற்கின்றன. அதன் முதல் துண்டு, சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல், 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் தன் பணத்தைப் போட்டு வெட்டியது. பல காலம் அதன் பெயரே காக்ரேன் கால்வாய்தான். போட்ட முதலைப் படகுகளின் கட்டணத்தில் எடுப்பது ஏற்பாடு. 1837இல் அரசு அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பிறகுதான் ஆளுநர் பக்கிங்ஹாம் பெயர் வந்தது. விறகும் உப்பும் நெல்லும் அதில் போயின.

ஆற்றைக் கடக்கும் துறைகளின் கதை இதைவிட முக்கியம். பாலம் இல்லாத காலத்தில் பரிசல் துறை என்பது நல்ல வருமானம். கடப்பவர் ஒவ்வொருவரும் காசு கொடுத்தே ஆக வேண்டும். வேறு வழி கிடையாது. ஜமீன் பகுதிகளில் அந்த வருமானம் ஜமீனுக்குப் போனது. 1890இல் கால்வாய்கள், பொதுத் துறைகள் சட்டம் என்று ஒன்றை மாகாண அரசு கொண்டுவந்தது. 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால் படுகைகள் எல்லாம் அரசின் சொத்து என்றது. ஆனால் ஜமீன்தார்களுக்கும் இனாம்தார்களுக்கும் உரியவற்றை அது விலக்கி வைத்தது. அந்த விலக்கைத் தீர்த்தது 1948ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டம். அரசுக்கு மாறும் சொத்துகளை அதன் 3ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது: புறம்போக்கு, காடு, சுரங்கம், ஆறு, ஏரி, மீன்பிடி உரிமை என்று வந்து, கடைசியில் துறைகளும். ‘துறை’ என்பதைத் தனிச் சொத்தாகவே எழுதியிருக்கிறார்கள். ஆறு அரசுக்கு வந்து துறை மட்டும் ஜமீனிடம் தங்கியிருந்தால், வந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆக நம் ஊரில், ஆற்றின் படுகைக்குத் தனி முதலாளி கிடையாது. ஆனால் அரசுக்குச் சொந்தம் என்பதும் நமக்குப் பொது என்பதும் ஒன்றா? அரசு தன் சொத்து என்று நினைத்து வேறொருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டால்?

அமெரிக்காவில் அதுதான் நடந்தது. 1869இல் இல்லினாய் மாநிலம் சிகாகோவை ஒட்டிய மிச்சிகன் ஏரியின் படுகையில் 1,000 ஏக்கருக்கு மேல் ஒரு ரயில்வே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. 1873இல் மாநிலமே மனம் மாறி ரத்து செய்தது, கம்பெனி விடவில்லை. 1892இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. மக்கள் படகு விடவும் வணிகம் செய்யவும் மீன் பிடிக்கவும் அந்தப் படுகையை மாநிலம் பொறுப்பாளராகத்தான் வைத்திருக்கிறது, மொத்தமாகக் கைகழுவ அதற்கு அதிகாரம் இல்லை என்றது. மைனர் சொத்துக்குக் கார்டியன் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டியன் பராமரிக்கலாம், தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது.

இந்தத் தீர்ப்பு 104 வருடம் கழித்து இந்தியாவுக்கு வந்தது. குலு-மணாலி பகுதியில் பியாஸ் நதிக்கரையில், அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த கமல்நாத்தின் குடும்பத்துக்குத் தொடர்புடைய ஸ்பான் விடுதிக்கு 27 பிகா 12 பிஸ்வா வனநிலம் குத்தகைக்குத் தரப்பட்டது. வெள்ளம் வந்து விடுதியைத் தொட்டபோது, புல்டோசர் வைத்து நதியின் போக்கையே திருப்ப முயன்றார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் குத்தகையை ரத்து செய்து, ஆறு, காடு, கடற்கரை போன்றவற்றுக்கு அரசு பொறுப்பாளர் மட்டுமே என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. என் அபிப்பிராயத்தில், சாதாரண மனிதனுக்கு இந்த நாட்டில் ஆற்றின் மேல் இருக்கும் பிடி இந்தத் தீர்ப்புதான்.

கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலில் உள்ள நெடியதுருத்துத் தீவில் கட்டிய காப்பிகோ சொகுசு விடுதி விவகாரம் இன்னும் சமீபத்தியது. 54 வில்லாக்கள். அங்கே காயலில் கட்டுவலை போட்டுப் பிழைத்த மீனவர்களும் நீதிமன்றம் போனார்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியது என்று 2013இல் கேரள உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடிப்பு 2022இல்தான் தொடங்கியது. தீர்ப்புக்கும் கடப்பாரைக்கும் நடுவே இத்தனை வருடம். வலை போட்டவருக்கு அந்த வருடங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

இனி நம் பக்கம். நாட்றாம்பாளையம் வழியாகப் பிலிகுண்டுலு போனால் அங்கே காவேரி இரு மாநிலங்களுக்கு எல்லை. இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகம். மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் அங்குதான் இருக்கிறது. 2018 பிப்ரவரி தீர்ப்பின்படி கர்நாடகம் வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் தருகிறதா என்று பார்ப்பதும் அங்கேதான். கீழே ஒகேனக்கலில் பரிசல் ஓடுவதும் நிற்பதும் அந்த அளவைப் பொறுத்தது. நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் தடை போடும்; பரிசல் ஓட்டிகளுக்கு அன்றைய கூலி போச்சு. ஆறு பொது என்பதற்காக நீங்களோ நானோ ஒரு பரிசல் வாங்கி அங்கே ஆள் ஏற்ற முடியாது. உரிமம் வேண்டும், கட்டணமும் நிர்வாகம் வைத்ததுதான். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாறைக்கு நடுவே சுழல் இருக்கும் இடம். தேசிய நீர்வழிகள் சட்டம் 2016இல் 111 நீர்வழிகளை அறிவித்தது. அந்தப் பட்டியலில் காவேரி-கொள்ளிடமும் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பரிசலை இறக்கிவிட முடியாது.

கரைக்கு வருவோம். இந்தப் பக்கம் 2014இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டர். அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவேரி சரணாலயம் 1987 முதலே இருக்கிறது. 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் அனுமதிச் சீட்டு இல்லாமல் போகலாம் என்று சொல்கிறது. பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே அசையாச் சொத்து உரிமை உள்ளவர், பொது நெடுஞ்சாலையில் கடந்து போகிறவர், இவர்களைச் சார்ந்தவர்கள். கவனித்துப் பாருங்கள்: உள்ளே நிலம் இருப்பவருக்கு வழி உண்டு, வெறுமனே ஆறு பார்க்க வருபவருக்கு அனுமதி வேண்டும். யானை நடமாடும் காடு, ஆகவே விதி சரிதான். ஆனால் உள்ளே பட்டா வைத்திருப்பவர், வெளியார் வராத அந்த வசதியையே ‘சொந்தக் கரை’ என்று விலைபேசினால், காட்டைக் காக்கப் போட்ட வேலி அவருடைய காம்பவுண்டுச் சுவர் ஆகிவிடுகிறது. அந்த விளம்பரச் சொல்லில் எனக்கு இருக்கும் சந்தேகம் இதுதான்.

ஆகவே நிலம் பார்க்கப் போகிறவர்கள் பட்டா, சிட்டாவோடு நிற்காமல் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். ஆற்றுக்குப் போகும் நடைபாதையோ வண்டிப்பாதையோ உங்கள் சர்வே எண்ணின் ஓரத்தில் கோடாக இருந்தால் அது ஊரின் பாதை. ஆடுமாடு தண்ணீருக்குப் போன வழியாக இருக்கும். வேலி போடுவதற்கு முன் அந்தக் கோட்டை அளந்து விடுங்கள். வில்லங்கச் சான்றில் அது வராது. வங்கிக் கடன் கேட்கும்போதும் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். நாங்களும் கேட்டதில்லை, படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.