வெறும் காகிதத்தில் ஒரு பூனை

அந்தப் பூனையின் வெண்மை பூசிய வண்ணம் அல்ல, காகிதத்தின் சொந்த வெண்மை.

1857இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், உதாகாவா ஹிரோஷிகே வரைந்த படம் இது. 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' என்ற வரிசையில் ஒன்று. அவர் மெல்லிய தாளில் தீட்டிய கோட்டோவியத்தைச் செதுக்குபவர் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் நிற்கவிட்டு மற்றதைக் குடைந்தெடுப்பார். மூல ஓவியம் அந்தப் பலகையிலேயே அழிந்துபோகும். பிறகு வண்ணங்களுக்குத் தனித்தனிப் பலகைகள். அச்சிடுபவர் ஈரக் காகிதத்தை அவற்றின்மேல் விரித்து, மூங்கில் மடல் பொதிந்த வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார். பூனையின் உடல் வளைவுகளை மையே இல்லாமல், வெறும் அழுத்தத்தால் புடைக்க வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் அச்சாகும்போது இந்தப் புடைப்புதான் முதலில் காணாமல் போகிறது.

பூனை உட்கார்ந்திருப்பது யோஷிவாராவின் ஒரு மாடி ஜன்னலில். அகழி சூழ்ந்த பரத்தையர் குடியிருப்பு அது. வெளியே வயல்வெளி, ஃபூஜி மலை, அந்திவானில் பறவைகள். தூரத்தில் தோரினோமாச்சி திருவிழாவுக்குப் போகும் கூட்டம். அறைக்குள் ஆளைக் காணோம். தரையில் சருகுவாரி வடிவக் கொண்டை ஊசிகள் மட்டும் கிடக்கின்றன. செல்வத்தை வாரிக்கொண்டு வரும் என்று நம்பி அந்தத் திருவிழாவில் வாரிகளை வாங்குவார்கள். ஊசிகளும் அந்த வடிவம்தான். வந்தவர் கொடுத்த பரிசாக இருக்கலாம். அந்த அறைக்குரிய பெண் தடுப்புத் திரைக்குப் பின்னால் இருக்கிறாள் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். நினைத்தபோது அந்தக் குடியிருப்பைவிட்டு வெளியேற அவளுக்கு வழியில்லை. அவள் போக முடியாத திருவிழாவைப் பூனை ஜன்னல் கம்பிகள் வழியே பார்க்கிறது. அவள் முகத்தை வரையாமல் விட்டதை ஹிரோஷிகேயின் கருணை என்றே நான் கொள்கிறேன்.

இந்தப் படம் வந்த மறு ஆண்டே அவர் இறந்தார். 1859இல் யோகோஹாமா துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறந்தது. இத்தகைய அச்சுப் படங்கள் ஐரோப்பாவில் குவிந்தன. இதே வரிசையின் வேறு இரண்டு படங்களை 1887இல் பாரிஸில் வின்சென்ட் வான் கோ எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார்.

பூனைப் படத்தின் ஒரு பிரதி, வரிசையின் மற்றப் படங்களோடு சேர்ந்து, 1930இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்தது. வெளிச்சம் பட்டால் இந்த வண்ணங்கள் வெளுத்துவிடும் என்பதால், எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள். 24 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024இல்தான் முழு வரிசையும் மீண்டும் காட்சிக்கு வந்தது. அதற்கு மறுமொழியாக இன்றைய ஜப்பானிய ஓவியர் தகாஷி முராகாமி தீட்டிய ஓவியங்களும் உடன் இருந்தன.