ஒரே சாவி, பல கதவுகள்

பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதைதான் ஏலகிரிக்குப் பேருந்து போகும் வழி. அதில் ஒரு பாறை சரிந்தால் மலைமேல் உள்ள அத்தனை ஊருக்கும் பேருந்து நின்றுவிடும். ஒரே கணக்கை வைத்துப் பல இணையச் சேவைகளுக்குள் நுழையும் முறையின் வரலாறும் கிட்டத்தட்ட இதுதான்.

சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996-ல் தொடங்கிய ஹாட்மெயிலை மறு ஆண்டே மைக்ரோசாப்ட் வாங்கியது. 1999-ல் 'பாஸ்போர்ட்' வந்தது. ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். ஹாட்மெயிலுக்கும் வேறு தளங்களுக்கும் அதுவே போதும்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பலருக்கு ஹாட்மெயில் திறக்கவில்லை. அஞ்சல்கள் பத்திரமாகத்தான் இருந்தன. பாஸ்போர்ட்.காம் என்ற தளப்பெயரைப் புதுப்பிக்க வேண்டிய 35 டாலரை மைக்ரோசாப்ட் கட்டாமல் விட்டிருந்தது! மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலாளர் தன் கடன் அட்டையில் அதைக் கட்டிய பிறகே கதவு திறந்தது.

எல்லோருடைய சாவியும் ஒரே நிறுவனத்திடம் இருக்கலாமா என்ற கேள்வி வலுத்தது. 2001-ல் சன் முதலான நிறுவனங்கள் 'லிபர்ட்டி அலையன்ஸ்' அமைத்தன. 2005-ல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 'ஓப்பன்ஐடி'யை உருவாக்கினார். சாவியை யாரிடம் வைப்பது என்பதைப் பயனரே முடிவு செய்யலாம். ஆனால் மக்களுக்குச் சுலபமாகத் தெரிந்தது 2008-ல் வந்த ஃபேஸ்புக் கனெக்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் பொத்தான்கள்தான்.

தமிழ்நாட்டில் வளர்ந்த ஜோஹோவும் இதே பாடத்தைப் படித்தது. மின்னஞ்சல், கணக்குவழக்கு, வாடிக்கையாளர் நிர்வாகம் என அதன் எல்லாச் சேவைகளுக்கும் ஒரே கணக்கு. 2018 செப்டம்பர் 24 அன்று, மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காரணம் காட்டி, தளப்பெயர்ப் பதிவு நிறுவனம் ஜோஹோ.காம் பெயரை முடக்கியது. மின்னஞ்சல் மட்டுமல்ல, எல்லாம் சேர்ந்தே நின்றன. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வெளிப்படையாக உதவி கேட்க வேண்டி வந்தது. பிறகு ஜோஹோ தன் பெயர்ப் பதிவை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது.

இரண்டு முறையும் கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை. தளத்தின் பெயர் போனது, அவ்வளவுதான்.

இந்திய அரசு 2022 ஜூலையில் தொடங்கிய 'மேரி பெஹ்சான்' டிஜிலாக்கர், இ-பிரமாண், ஜன் பரிச்சய் என்ற மூன்று நுழைவு வழிகளை ஒன்றாக இணைத்தது. மூன்றில் ஒன்று போதும். மலைக்கு ஒரு சாலை வசதிதான்; ஒற்றையடிப் பாதையையும் மறக்காமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம். அதற்கு, மாற்று மின்னஞ்சலும் சரியான கைபேசி எண்ணும் கணக்கில் இருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.